அடம்பிடித்த அப்பன்

ஒஹாயோ குடும்ப நீதிமன்றத்தில் குமாஸ்தா டோரீனுக்குத் தெரிந்து, டிஎன்ஏ பரிசோதனை என்றாலே ஆண்கள் நழுவத்தான் பார்ப்பார்கள். இன்று எல்லாம் தலைகீழ்.

"பொண்ணுக்கு நான்தாங்க அப்பன்" என்றான் டுவைட். அவன் தோள்பையில் பால்புட்டி துருத்திக்கொண்டிருந்தது.

"இவன் இல்லவே இல்ல" என்றாள் குழந்தையின் அம்மா, பல் டாக்டர் கார்லா. "கல்யாணமும் ஆகல, அப்பன்னு எங்கயும் கையெழுத்தும் போடல."

"புள்ள மூக்கைப் பாரு, தெரியும்."

'தானா வந்து தலையைக் கொடுக்கிறானே, தங்கமான மனுஷன்' என்று டோரீன் உருகிப்போனாள்.

பரிசோதனை முடிவு, அப்பன் டுவைட்தான் என்றது.

நீதிபதி கார்லாவிடம் திரும்பினார். "இனி சட்டப்படி இவர் அப்பா. நீங்க விட்டுட்டுப் போனதுலேர்ந்து குழந்தையை வளர்க்கிறதும் இவர்தான். அதனால செலவுக்கு மாசாமாசம் நீங்கதான் பணம் கட்டணும்."

"அதுக்குத்தானே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், இவன் அப்பன் இல்லேன்னு" என்றாள் கார்லா.