கனத்த மூடி

"இது வண்டிக்கு மூடியா, கிணத்துக்கு மூடியா?"

மோட்டார்காரர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவருடைய தம்பி கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுவது அவர் தொழில். வீடு வீடாகப் போய்ப் பிக்கப் வண்டியில் ஏற்றி வருவார், கட்டி முடித்துக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பார். போன மாதம் நடுவழியில் பிடித்த மழையில், புதுசாகக் கட்டிய இரண்டு மோட்டார்கள் வண்டியின் பின்பக்கம் தேங்கிய தண்ணீரில் ஊறிப் பாழாய்ப் போயின. தார்ப்பாய் இனி உதவாது, கெட்டியாக, கழட்டி மாட்டுகிற மாதிரி ஒரு மூடி வேண்டும் என்று தச்சு வேலை செய்யும் தம்பியிடம் சொன்னார்.

"லேசா இருக்கணும்டா. நான் ஒத்தை ஆளா கழட்டி மாட்டணும். எவன்கிட்டயும் போய் நிக்க முடியாது."

"சரிண்ணே" என்றுதான் அவனும் அளவெடுத்துப் போனான்.

வந்து இறங்கியதோ இது. தடித்த பிளைவுட், சுற்றிலும் இரும்பு ஆங்கிள், மேலே தகடு. போதாததற்குப் பின்கதவின் மேல் ஒரு சாண் இறங்கும் மடிப்பு வேறு. மூடியைத் தூக்காமல் கதவைக்கூடத் திறக்க முடியாது.

"இந்த மடிப்பு எதுக்கு?"

"அந்த வழியா சாரல் அடிக்கும்ணே."

"இவ்வளவு கனம் எதுக்கு?"

"காத்துல பறந்துடக் கூடாதில்ல."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தான். மோட்டார்காரர் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நாலு விரற்கடைகூட எழும்பவில்லை. அடிவயிற்றில் சுருக்கென்றது. சட்டென்று விட்டுவிட்டு, சட்டையைச் சரிசெய்வது போல நின்றுகொண்டார்.

அந்த வலிக்கு வயசு மூன்று மாதம். குடலிறக்கம், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், அதுவரை கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் இவர் 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி வைத்திருந்தார். மனைவியும் அதை நம்பி வேளாவேளைக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சொந்தத் தம்பின்னா இப்படித்தான்" என்றார் எதிர்ப்பக்க டயர் கடைக்காரர். "விலைபோகாம கிடந்த பலகையை உங்க தலையில கட்டிட்டான்."

அது மோட்டார்காரர் மனசில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து ஒரு மோட்டாரை ஏற்ற வேண்டுமென்றாலும் தம்பிக்குப் போன் போட வேண்டியதாயிற்று. பத்தே நிமிஷத்தில் பைக்கில் வந்து நிற்பான், புருவமெல்லாம் மரத்தூளோடு. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூடியை இறக்குவார்கள். "வந்தது வந்துட்டேன், இதையும் ஏத்திடறேன்" என்று மோட்டாரையும் அவனே தூக்கி வைத்துவிட்டுப் போவான்.

"தம்பி பாவம், வேலையைப் போட்டுட்டு ஓடி வருது" என்றாள் மனைவி.

"என்ன பாவம்? ஒழுங்காச் செஞ்சிருந்தா ஏன் ஓடி வரணும்?"

ஒருநாள் அவன் வர அரைமணி நேரம் தாமதமாகிவிட்டது. யார் வீட்டிலோ கதவைப் பாதி மாட்டியபடி விட்டுவிட்டு வந்திருந்தான். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் மோட்டார்காரர் வெடித்தார்.

"தொழில் தெரியாதுன்னு எழுதி மாட்டிக்கடா. நாலு பேராவது தப்பிப்பாங்க."

தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் தன் பக்கத்தைக் குனிந்து பிடித்தான்.

"பிடிங்கண்ணே."

அன்று மத்தியானமே யாரிடமும் சொல்லாமல் பிளைவுட் கடைக்குப் போனார் மோட்டார்காரர். லேசான மூடி ஒன்றுக்குச் சாமான் வேண்டும் என்று நீள அகலத்தைச் சொன்னார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிக்கப்புக்கா? நீங்க தச்சரோட அண்ணன்தானே? உள்ள வாங்க."

உள்ளே சுவரில் ஒரு மூடி சாய்ந்து நின்றது. அலுமினியச் சட்டம், மெல்லிய பலகை, ஓரத்தில் ரப்பர். பின்பக்கம் மடிப்பு எதுவும் இல்லை. மோட்டார்காரர் ஒரு கையால் பிடித்தார். பூப்போல வந்தது. ஓரங்களை இழைத்திருந்த நேர்த்தியிலேயே அது யார் கைவேலை என்று தெரிந்துவிட்டது.

"உங்க தம்பிதான். மூணு நாள் இங்கயே உட்கார்ந்து செஞ்சார். கடைசியா ஒருதரம் அளவு சரிபார்க்க உங்க வண்டிக்குப் போனவர், பேயடிச்ச மாதிரி திரும்பி வந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில டேப் உருண்டுடுச்சாம். தேடுனப்ப டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பர் கையில கிடைச்சிருக்கு."

மோட்டார்காரர் மூடியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"உடனே இதை ஓரமா வச்சிட்டு, இருக்கிறதுலயே கனமான பலகையைக் காட்டுங்கன்னார். ஒத்தை ஆளு தூக்க முடியாத மாதிரி வேணும்னு கேட்டு வந்த ஒரே ஆளு அவர்தான். நேரா சொல்லிட வேண்டியதுதானேன்னேன். 'அண்ணிகிட்டயே மறைச்சிருக்காரு. நான் கேட்டா ரோஷத்துல ரெண்டு மோட்டாரைச் சேர்த்துத் தூக்குவாரு'ன்னார்."

"இதை... என்ன பண்ணச் சொன்னான்?"

"ஆபரேஷன் முடிஞ்சு, டாக்டர் தூக்கலாம்னு சொன்னதும் அண்ணன்கிட்ட குடுத்துடுவேன், அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்னார். இப்ப ஏத்திக்கிறீங்களா?"

மோட்டார்காரர் மூடியைப் பழையபடி சுவரில் சாய்த்து வைத்தார். வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டார்.

"இதோ கிளம்பிட்டேண்ணே" என்றான் அவன், இவர் பேசுவதற்குள். இழைப்பு மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "மூடியைத் தூக்கணும், அவ்வளவுதானே?"

"இல்லடா. ஆபரேஷனுக்கு நாள் வாங்கணும். தனியாப் போகப் பயமா இருக்கு... கூட வா."