பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

“என் பொண்ணுக்குப் பதினாலு வயசுங்க. அவளுக்கு அங்க ஏதாவது இருக்கா?”

மூன்றாவது வாரமாக அதே குரல், அதே கேள்வி. அதுவும் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரமாகப் பார்த்து.

எங்கள் சமுதாயக் கூடத்தில் போன் எடுப்பது, பெயர் பதிவது, கதவைப் பூட்டுவது எல்லாம் நான்தான். பையை இறக்கி வைத்துவிட்டு வகுப்புப் பட்டியலை எடுத்தேன். பார்க்கவே வேண்டியதில்லை, எனக்கு அது தலைகீழ்ப் பாடம்.

ஓவியம், பன்னிரண்டு வயது வரை. கணினி, பதினெட்டுக்கு மேல். அறுபதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் கும்மாளம்.

நடுவில் ஆறு வருடம் பிள்ளைகள் எங்காவது போய் ஒளிந்துகொள்வார்கள் என்று நினைத்துத்தான் பட்டியலைப் போட்டிருக்கிறார்கள் போல.

ஏதாவது ஆரம்பியுங்கள் என்று போன வருடமே மேலே எழுதிப் போட்டேன். ‘இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை’ என்று பதில் வந்தது. அடப்பாவிகளா!

முதல் வாரம் அந்தம்மாவை விளையாட்டுத் திடலில் கேட்கச் சொன்னேன். அங்கே பையன்களுக்கு மட்டும்தானாம். அடுத்த வாரம் நூலகத்துக்கு அனுப்பினேன். அங்கே இளைஞர் மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். அதன் உறுப்பினர்களிலேயே இளையவருக்கு வயது நாற்பத்திரண்டாம்.

ஆளாளுக்குப் பந்தாடிவிட்டோம். அதில் நானும் ஒருத்தி.

“அவளுக்கு ஃபிரெண்ட்ஸே இல்லைங்க. ஸ்கூல்ல தனியா உக்காந்துதான் சாப்பிடறா. வீட்டுக்கு வந்தாலும் பேச ஒரு ஆள் கிடையாது.” அவசரமாக அடுத்ததைச் சேர்த்தாள். “நான் வேலைக்குப் போயிடறேன் இல்லையா? பொண்ண வளக்கறது லேசா, நீங்களே சொல்லுங்க?”

பெற்றவள் இல்லையா, மனசு கேட்காமல் அலைகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“மன்னிச்சுக்கோங்க. இப்போதைக்கு எதுவும் இல்லைங்க.”

மூன்றாவது தடவையாக அதையே சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

“பரவால்ல. தேங்க்ஸ் ஆன்ட்டி.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. முப்பத்தாறு வயதில் நான் ஆன்ட்டியா? அதுவும் பதினாலு வயதுப் பெண்ணைப் பெற்றவளுக்கு? என் குரலிலுமா நரை தட்டிவிட்டது?

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

எதிர்முனையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரமாக நான் எந்த அம்மாவிடமும் பேசவில்லை.

வைத்துவிடப் போகிறாள் என்று பதறிப்போனேன். வைத்தால் இனிமேல் கூப்பிடவே மாட்டாள்.

“வெச்சிடாதம்மா,” என்றேன். “இரு. உனக்கு என்ன பிடிக்கும்? அதச் சொல்லு மொதல்ல.”

“எனக்கா?” என்று கேட்டாள்.