டல்சிக்காகச் சுற்று வழி

"டல்சிக்காகத்தான் சொல்றேன். சுத்து வழியிலேயே போயிடலாம்" என்றார் நெவில்.

ஆதர்டன் ஊரில், கேரவன்கள் தங்கும் பூங்காவில், இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். காருக்குப் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் கூட்டம் எங்களுடையது. மறுநாள் கெய்ர்ன்ஸ் போக வேண்டும். பாதை போடுவதும் முன்னால் போவதும் எப்போதும் நெவில்தான்.

கில்லீஸ் மலை வழியாகப் போனால் கிட்டம். ஆனால் செங்குத்து இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. இன்னொரு வழி தெற்கே போய்ச் சுற்றி வரும். பாதி நாளை விழுங்கிவிடும், ஆனால் இறங்குவதே தெரியாது.

"என் பேரை எதுக்கு இழுக்கறே?" என்றாள் டல்சி. "உனக்கு மலை வேண்டாம்னா, 'எனக்கு வேண்டாம்'னு சொல்லு."

"எனக்கென்ன? நான் இறங்காத மலையா? லெஸ் இருந்தா வேற விஷயம். தனியா ஒரு பொம்பளை..."

லெஸ் டல்சியின் கணவர். போன வருஷம் தவறிவிட்டார். கேரவனை விற்றுவிடச் சொல்லி மகன் கெஞ்சியும் டல்சி கேட்கவில்லை. ஆயுசில் பாதி பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். லெஸ் இருந்தபோதும் மலை வந்தால் ஸ்டியரிங் அவள் கைக்குத்தான் போகும். எங்கள் ஆண்களுக்கு அது மட்டும் வசதியாக மறந்துவிடும்.

நெவில் அதோடு விடவில்லை. மலையில் இறங்கிக் காட்டட்டும், முடியாவிட்டால் இனிமேல் அவள் வண்டியை ஓர் ஆண் ஓட்டினால்தான் எங்களோடு வரலாம் என்றார். அவள் பின்வாங்குவாள் என்று நினைத்திருப்பார்.

"சரி, மலைதான்" என்றாள் டல்சி. "யாருக்குக் கால் நடுங்குதோ அவங்க சுத்திக்கிட்டு வாங்க."

கை தூக்கச் சொன்னபோது, என் கணவரின் கையையும் சேர்த்து நானே தூக்கிவிட்டேன். மலை வழி ஜெயித்தது.

காலையில் கிளம்பினோம். நெவில் முன்னால். பாதுகாப்புக்காம், டல்சி அவருக்கு அடுத்து. அப்புறம் நாங்கள், கடைசியில் பர்ட். எல்லார் காரிலும் வாக்கி டாக்கி உண்டு. ஒருவர் பேசினால் அத்தனை பேர் காதிலும் விழும். தனியாக ஒரு ரகசியம் பேச வழியில்லை.

இறக்கத்துக்கு முன்னால் பேரின் என்ற ஏரிக்கரையில் நிறுத்தி டீ குடித்தோம். நெவில் குடிக்கவில்லை. தன் கேரவனைச் சுற்றிச் சுற்றி வந்து, கொக்கியையும் சங்கிலியையும் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என் கணவர் மெச்சிக்கொண்டார்.

வண்டியில் ஏறினோம். வாக்கி டாக்கி கரகரத்தது.

"டல்சி பேசறேன். என்னால முடியலை. பயமா இருக்கு. நான் சுத்து வழியிலேயே போறேன். நெவில், தனியா போகவும் பயமா இருக்குப்பா. நீ முன்னால போயேன்."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

முதலில் பர்ட் சிரித்தார். "அப்போ பஸ்ஸுல நீ ஹாரன் மட்டும்தான் அடிச்சியா?"

கடைசியாகத்தான் நெவில் குரல் வந்தது. "நேத்தே சொன்னேன். சரி, எல்லாரும் திரும்புங்க."

கெய்ர்ன்ஸ் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நெவில் பியரைத் திறந்துகொண்டு, இனி டல்சி வண்டியை யார் ஓட்டுவது என்று ஆண்களுக்குள் முறை போட ஆரம்பித்தார்.

டல்சி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். நாளைக்குக் காலையில கேரவனோட அதே மலையில ஏறி, அதே மலையில இறங்கி வரேன். சாட்சி வேணும்னா யாராவது பக்கத்துல உக்காருங்க."

ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று பியரில் கவனம் போய்விட்டது. நான்தான் கையைத் தூக்கினேன்.

மறுநாள் ஏறினோம். மேலே திருப்பி, லோ கியரில் போட்டு இறக்கினாள். பிரேக்கை அவள் தொட்டதே அபூர்வம். வளைவுகளில் நான்தான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

"இதை நேத்தே செஞ்சிருக்கலாமேடி. அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி எதுக்குப் பயம்னு சொல்லி மானத்தை வாங்கிக்கிட்டே?"

"ஏரிக்கு வர்ற வழியில சின்னச் சின்ன சரிவுதானே? அதுலயே நெவில் பிரேக்குல வெச்ச காலை எடுக்கலை. பின்னாடி வந்த எனக்கு மூக்கு தாங்கலை, அப்படி ஒரு தீயற நாத்தம். அந்தக் காலோட இங்க இறங்கினா பாதி மலையில பிரேக் சூடேறிப் பிடிக்காமலே போயிடும். ஏரியில வண்டி நின்ன பிறகும் அவன் பொண்டாட்டி கோரல், கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உள்ளேயே உக்காந்திருந்தா."

"அதை அவர்கிட்டயே சொல்றதுதானே?"

"சொன்னா, வீம்புக்குன்னே இறங்கியிருப்பான். பயமா இருக்குன்னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னாத்தான் வண்டி திரும்பும். அவன் செத்தாலும் சொல்லமாட்டான்."

கியரை மாற்றினாள்.

"செத்துடப்போறானேன்னுதான் நான் சொன்னேன்."