யுபிஎஸ் மேல் விழுந்த பழி

ஒரு கணினிக்குள் இருந்த மதர்போர்டு, தன்னைத் தினமும் எழுப்பிவிடும் பயாஸ் என்ற மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள ஆசைப்பட்டது. மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ் கெஞ்சியது: "என் பேட்டரியில சார்ஜ் இல்லப்பா. கரண்டு போனா என்னால தாங்க முடியாது. ஒரு மணி நேரம் பொறு."

"ரெண்டே நிமிஷ வேலை. புலம்பாம இரு" என்றது மதர்போர்டு.

பாதி வேலையில் கரண்டு போய்விட்டது. திரும்பி வந்தபோது மதர்போர்டுக்கு எப்படி விழிப்பதென்றே மறந்துபோயிருந்தது. திரை இருண்டு கிடந்தது.

"எல்லாம் இந்த யுபிஎஸ்ஸாலதான்" என்று வீட்டுக்காரி சபியா அதைப் பிடுங்கி வாசலில் வைத்தாள். மதர்போர்டுக்குக் காது மட்டும் கேட்டது.

மறுநாள் சபியா ஒரு பென்டிரைவைச் செருகினாள். அது பழைய பயாஸைப் பொறுமையாக மதர்போர்டில் எழுதிக்கொண்டே கேட்டது: "யார் செஞ்ச தப்பு இது?"

'நான்தான்' என்று சொல்ல மதர்போர்டுக்கு வாய் வரவில்லை. "கரண்டு சரியில்ல" என்று முணுமுணுத்தது.

பீப் என்ற சத்தத்தோடு திரை ஒளிர்ந்தது. வாசலில் காயலான்கடை வண்டியில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த யுபிஎஸ்ஸுக்கு அது கேட்டுவிட்டது.

"முழிச்சிட்டியாப்பா? நல்லா இரு!" என்று அது சந்தோஷமாகக் கத்தியது.

மதர்போர்டுக்கு மறுபடியும் அணைந்துவிடலாம் போலிருந்தது.