நிழல் இல்லாத ஏரி

“பொணத்துக்குப் பவுடர் பூசினா எழுந்து உட்காருமா?” என்றார் போட்டோக் கடைக்காரர்.

மேசைமேல் கிடந்தது ஒரு போட்டோ. ஏரி, அதற்கு அப்பால் மலை, கரையில் நாலு மரம், ஒரு பாறை. மந்தாரம் போட்ட நேரத்தில் எடுத்தது. எதற்கும் நிழலே இல்லை.

“வானத்தைப் பாரு, அழுக்குத் தண்ணில அலசின துணி. மலையைப் பாரு, பிசைஞ்சு வச்ச மாவு. மரமும் பாறையும் அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. வெளிச்சமே இல்லாத நேரத்துல எந்தக் கிறுக்கனாவது கேமராவைத் தூக்குவானா?”

“வேணும்னுதான் எடுத்தேன், அத்தான்” என்று சிரித்தான் மச்சினன்.

திமிரைப் பார், என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர்.

பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டோ சங்கத்துப் போட்டியில் இதே மச்சினன்தான் நடுவர். அவருடைய படத்தை நாற்பது பேர் முன்னால் தூக்கிக் காட்டி, “இதை எடுத்தவர் கண்ணைத் திறந்துக்கிட்டுதான் எடுத்தாரா?” என்று கேட்டான். அக்காள் புருஷன் என்று தெரிந்தேதான் கேட்டான்.

கூட்டம் சிரித்தது. அன்றைக்கு எழுந்து வந்தவர், அப்புறம் சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மச்சினன் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை, மனைவியையும் போக விடவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் காதிலேயே குடியிருந்தது.

இப்போது அவனே கடை தேடி வந்திருக்கிறான்.

“இதைத் திருத்திக் குடுங்க, அத்தான். ஞாயித்துக்கிழமை சங்கத்துல போட்டி. இந்த வேலையில உங்க கைக்கு மேல கை கிடையாது.”

தேன் வழிகிற வாயை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. “எப்படித் திருத்தணும்? காலை வெயிலா, சாயங்கால வெயிலா?”

“என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. நான் வாயே திறக்க மாட்டேன். எல்லாம் உங்க இஷ்டம்.”

அடுத்தவன் படத்தைக் கண்டால் மூக்கை நுழைக்காமல் இருக்கமாட்டாதவன், சொன்னபடியே வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. பழத்தை யார் தள்ளிவிட்டார்கள் என்று அவர் ஏன் யோசிக்கப்போகிறார்?

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதலில் ஒழுங்காகத்தான் செய்தார். வானத்து வெளுப்பைக் குறைத்து மேகத்தை வெளியே கொண்டுவந்தார். மலையின் மடிப்புகளுக்குக் கறுப்பேற்றினார், மாவு மலையாயிற்று. தண்ணீர்மேல் மஞ்சள் வெயிலை மெல்லத் தடவினார்.

நாற்பது வருஷ வேலையில் இப்படி ஒரு படம் அவர் கையில் அமைந்ததில்லை. இப்படியே விட்டுவிடலாமா என்று மவுஸ் பிடித்த கை ஒரு நிமிஷம் நின்றது.

காதில் அந்தச் சிரிப்பு கேட்டது.

நிழல் இல்லாத படத்தில் ஒரு சௌகரியம் உண்டு. சூரியனை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு பக்கம்தான் வைக்கவேண்டும்.

மரங்களின் நிழலை இடது பக்கம் சாய்த்தார். பாறையின் நிழலை வலது பக்கம் சாய்த்தார். சின்ன அளவில் கண்ணுக்குப் படாது. பெரிய திரையில் போட்டால் குருடன்கூடக் கண்டுபிடிப்பான்.

மச்சினன் போனிலேயே பார்த்துவிட்டுத் துள்ளினான். “பிரமாதம், அத்தான்! நீங்களும் அக்காவும் கட்டாயம் வரணும்.”

“வராம இருப்பேனா?” என்றார் கடைக்காரர். அதைமட்டும் மனசாரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தின் கடைசி வரிசையில் மச்சினனுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தார். மேடையில் யாரோ எழுந்து என்னென்னவோ அறிவித்தார்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“இன்னிக்காவது தம்பிகிட்ட நாலு வார்த்தை நல்லபடியா பேசுங்க” என்று கிசுகிசுத்தாள் மனைவி.

“பேசறேன், பேசறேன். படம் வரட்டும்.”

படம் வந்தது. திரை முழுக்க ஏரியும் பொன்வெயிலும் விரிந்ததும் அரங்கம் ‘அடடா’ என்றது. நடுவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

“எல்லாம் சரி. மரத்துக்கு ஒரு சூரியன், பாறைக்கு ஒரு சூரியன்! ரெண்டுக்கும் பாகப்பிரிவினை ஆயிடுச்சா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பத்து வருஷமாகத் தைத்திருந்த முள் வெளியே வந்தது போல இருந்தது அவருக்கு. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

“கோவிச்சுக்காதீங்க. இந்த வேலையைச் செஞ்சவர் யாருங்க? கொஞ்சம் எழுந்திரிங்க, பாக்கலாம்” என்றார் நடுவர் அம்மாள்.

தலைகள் திரும்பின. மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் அவனை முழங்கையால் இடித்தார்.

“எழுந்திரு, மாப்ளே! கூப்பிடறாங்கல்ல? மானம் போனா போகட்டும், மரியாதைக்காவது எழுந்து நில்லு.”

மச்சினன் மெல்ல அவர் பக்கம் திரும்பினான்.

“இது படத்தைத் திருத்துறவங்களுக்கு வச்ச போட்டி, அத்தான். உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன்.”