இடம் மாறிய மிதவை

பவளப்பாறைப் பூங்காவின் எல்லையைக் காட்டும் சிவப்பு மிதவை கரைப் பக்கமாக முப்பது பாகம், கிட்டத்தட்ட நூற்றெண்பது அடி, தள்ளி நிற்பதை, புயல் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் காவலன் முனியராஜ் கவனித்தான். அத்தனை நாளும் கடல்பாசி எடுக்கும் பெண்களை அதைத் தாண்டவிடாமல் விரட்டியிருக்கிறான். அவர்களுடைய நல்ல பாசியெல்லாம் அந்த முப்பது பாகத்துக்குள்தான் இருந்தது.

பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பிரகாசியிடம் போய் நின்றான். "தப்பு எம்மேலதாங்க்கா. புயல் இழுத்துட்டு வந்திருக்கு, நான் பாக்கல. நாளைக்கே பழைய இடத்துல போட்டுர்றேன்."

பிரகாசி முங்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "எடுக்கதுக்கு முன்னாடி ஒருக்க முங்கிப் பாத்துட்டு எடுங்க தம்பி."

மறுநாள் முங்கினான். ஆறு மாதமாக யார் காலும் படாத அந்த முப்பது பாகத் தரையெங்கும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இளம் பவளம் முளைத்திருந்தது. மிதவையின் கயிற்றைப் பிடித்து அடிவரை இறங்கினான். நங்கூரக்கல் புரண்டு கிடக்கவில்லை. தூக்கி வைத்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கல்லையும் கயிற்றையும் சேர்த்து, பாறை கிழிக்காமலிருக்கப் பெண்கள் விரலில் சுற்றிக்கொள்ளும் சேலைத் துணிகளால் கட்டியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நிறங்கள்.

மூச்சு முட்டியது. மேலே வருவதற்கு முன், நெகிழ்ந்திருந்த ஒரு பச்சைத் துணியை இழுத்து இறுக்கினான்.