கன்னத்துப் பரீட்சை

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கல் விற்பவர், கல் வாங்க வந்த இளைஞன், சாவிக்காகக் காத்திருந்த வீட்டு உரிமையாளர். நாற்காலி ஒன்றுதான். அதில் கற்கள் உட்கார்ந்திருந்தன.

"தொடாதீங்க தம்பி. கையில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்," என்றார் கல் விற்பவர்.

"தொடாம எப்படிங்க வாங்கறது?"

"துடைச்சுட்டுத் தொடுங்க."

எல்லாமே சவரக்கத்தி தீட்டும் பழைய கற்கள். இன்று இரவு கல் விற்பவர் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறார். ஒரு பைக்குமேல் கொண்டுபோக முடியாது. அதற்குள் நல்ல கைக்குப் போகாவிட்டால் கற்கள் வீட்டு உரிமையாளருக்குத்தான். அவற்றை என்ன செய்வதென்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

"மொட்டைமாடிக் கதவு காத்துல அடிச்சுக்குது. ரெண்டு கல்லை முட்டுக் குடுத்தா நிக்கும். மிச்சம் வாஷிங் மெஷினுக்கு அடியில."

கல் விற்பவர் மார்பு வரை இறங்கிய தாடியை நீவிக்கொண்டார்.

இளைஞன் மஞ்சள் கல் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினான். "சவரக்கத்திக் கல்லு மாதிரி தெரியலயே. சொரசொரன்னு இருக்கு. காய்கறிக் கத்திக்கு வேணா ஆகும்."

"என்ன சொன்னீங்க?"

"காய்கறிக் கத்திக்கு."

அவர் கல்லைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தரையில் உட்கார்ந்து, நாலு சொட்டு தண்ணீர் விட்டு, பையிலிருந்து தன் கத்தியை எடுத்துப் படுக்கவைத்துத் தள்ளினார். திருப்பி இழுத்தார். தண்ணீர் மெல்லப் பால்போல் கலங்கியது. பிறகு இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதில் கத்தியை இப்படியும் அப்படியும் தடவினார்.

"கையில வச்சுக் காட்டுங்க," என்றான் இளைஞன்.

"எந்தக் கல்லுல தீட்டின கத்தியும் கை முடியை எடுக்கும். அதெல்லாம் பரீட்சையே இல்ல. தாடியில வைக்கணும்."

"நான் காலையிலயே மழிச்சுட்டேனே."

இருவரும் உரிமையாளரைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க? மீசை இல்லாம போனா எங்க வீட்டு நாய்கூட உள்ள விடாது."

"உங்க தாடி இருக்கே," என்றான் இளைஞன், கல் விற்பவரிடம்.

"இது வேண்டாம்."

"ஏன்?"

"பழகிடுச்சு."

"சரி, விடுங்க." இளைஞன் எழுந்தான். "கல்லு நல்ல கல்லா இருந்தா, வச்சிருக்கறவரே ஏன் தாடி வளர்க்கறாரு? எனக்கு வந்ததும் தோணுச்சு."

"அப்ப மாடிக்கு ரெண்டு," என்றார் உரிமையாளர், நாற்காலியைப் பார்த்தபடி. "கனமானதா பார்த்து எடுக்கணும்."

கல் விற்பவர் கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தரிக்கோல் இருக்கா?" என்றார்.

உரிமையாளர் கீழே போய் எடுத்து வந்தார். தாடி முதலில் கொத்துக் கொத்தாகச் செய்தித்தாளில் விழுந்தது. பிறகு சோப்பு நுரை. பிறகு கத்தி. ஜன்னல் கம்பியில் மாட்டிய சின்னக் கண்ணாடிதான், கை பிசகவில்லை. ஒரு கீறல் இல்லை, எங்கும் இழுக்கவில்லை.

"அட, உள்ள இப்படி ஒருத்தர் இருந்தாரா?" என்றார் உரிமையாளர்.

இளைஞன் சிரிக்கவில்லை. "இந்தக் கல்லு எப்படிங்க உங்களுக்குக் கிடைச்சுது?"

"ஒரு பெரியவர் குடுத்தாரு."

"வித்தாரா?"

"சும்மாதான் குடுத்தாரு. நல்ல மனுஷன்."

"இப்ப இருக்காரா?"

கத்தி தாடைக்குக் கீழே நின்றது. "தெரியல. அந்தப் பக்கம் போறதில்ல."

கழுத்தும் முடிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். இளைஞன் கிட்டே வந்து பார்த்தான். வலது பக்கம், இடது பக்கம், மேலுதடு.

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன். வீட்டுல கேட்டுத்தான் முடிவு பண்ணணும்."

"கல்லையா?"

"கன்னத்தை. கல்லோட தரம் கன்னத்துலதானே தெரியும்?"

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. வெளிச்சத்துக்கு வாகாகக் கன்னத்தைக் காட்டினார். இளைஞன் படத்தை அனுப்பினான். கைபேசியைப் பைக்குள் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்ன சொல்றாங்க?"

"எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்றாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "ஈரத்தோட அடுக்காதீங்க தம்பி. ஒண்ணோட ஒண்ணு உரசக் கூடாது. தனித்தனியாத் துணியில சுத்திடுங்க."

இளைஞன் அப்படியே செய்தான். கடைசியாகக் கத்தியையும் எடுத்து மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அது விக்கிறதுக்கில்ல."

"தெரியும். கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கறது நல்லது."

கதவு தட்டப்பட்டது. இளைஞனே போய்த் திறந்தான். ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். மழித்த முகத்தைப் பார்த்தாள். அவர் கையால் தாடையை மறைத்துக்கொண்டார்.

"உங்க கல்யாணத்தப்ப நான் அரை டவுசர், அத்தான். உங்களுக்கு அடையாளம் தெரியாது," என்றான் இளைஞன். "விளம்பரத்துல அப்பாவோட கல்லைப் பார்த்ததுமே அக்கா சொல்லிட்டா. ஆளுதான் தாடிக்குள்ள சரியாத் தெரியல. அதான் அவளைத் தெருமுனையில நிக்க வச்சுட்டு வந்தேன்."

"தம்பி, நீ இவரைக் கூட்டிட்டுக் கீழ இரு," என்றாள் அக்கா, உரிமையாளரைக் காட்டி.

"தனிக்கட்டைன்னுல்ல சொன்னாரு," என்றபடி உரிமையாளர் இளைஞனோடு வெளியே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்பக்கமாகப் பூட்டப்பட்டது.